பீலி வத்துன கதையும் கெசட்டுல இல்லாத காடும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கொழும்பு வாசகர் ஒருத்தர் கடிதம் எழுதியிருந்தாரு. மலைநாட்டுக் காடு அழியறதுக்கு தோட்டத்து சனம் விறகு பொறுக்கறதுதான் காரணமாம், எல்லையில நல்லா வேலி போட்டு ஆள் நடமாட்டத்த நிப்பாட்டிட்டா எல்லாம் சரியாயிடுமாம். வாசிச்சதும் கோவம்தான் வந்துச்சு, அப்புறம் ரெண்டு நாள் யோசிச்சதுல அவரு சொன்னதுல பாதி நெசம்தானேன்னும் தோணுச்சு, மத்த பாதிய யாராவது சொல்லணுமேன்னு இத எழுதுறேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க, ஃபோன்ல டைப் பண்றேன், அதுவும் கடையில யாவாரம் இல்லாத நேரம் பார்த்து.

நான் மஸ்கெலியா பக்கத்து தோட்டத்துல பொறந்தவன். இப்ப பதினோரு வருஷமா புறக்கோட்டையில ஹார்ட்வெயார் கடை ஒண்ணுல வேலை, தங்கியிருக்கறது வத்தளையில போடிங். அம்மா கொழுந்தெடுத்து பென்சன் வாங்கினவங்க, இன்னும் லயத்துலதான் (தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையா கட்டின வீடு) இருக்காங்க. தீபாவளி, பொங்கல், தோட்டத்து திருவிழா, இந்த மூணுக்கும் எப்படியாவது ஊருக்குப் போயிடுவேன்.

போடிங்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா களனி கங்கை கடல்ல விழற இடம் வந்துடும், சாயந்தரம் சும்மா போய் நிப்பேன். அந்தத் தண்ணியில ஒரு பங்கு எங்க ஊர்ல இருந்து வருதுன்னு கூட வேலை செய்யற பொடியன்ககிட்ட சொன்னா சிரிப்பானுங்க. ஆனா நெசம் அதுதான். சிவனொளிபாத மலை காட்டுல இருந்து இறங்கற ஓடை எல்லாம் சேர்ந்து மஸ்கெலி ஓயா, அது மவுசாகலை டேம்ல தேங்கி கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டியன்னு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா கரண்ட் எடுத்துட்டு, அந்தப் பக்கம் காசல்ரீ டேம்ல இருந்து வர்ற கெஹெல்கமு ஓயாவோட சேர்ந்து களனி கங்கையா கீழ வருது. அம்பத்தலையில அதையே எடுத்து சுத்தம் பண்ணித்தான் கொழும்பு சனத்துல பெரும்பகுதிக்கு குழாய்ல விடறாங்க. அந்த வாசகரும் கொழும்புன்னுதான் போட்டிருந்தாரு, அப்ப அவரு காலையில பல் தேய்க்கிற தண்ணி எங்க மலைக்கு மேல இருக்கற காட்டுல இருந்து வந்ததாதான் இருக்கும்.

அந்தக் காட்டுக்கு என்ன பாதுகாப்பு இருக்குன்னு கேட்டா, பேப்பர்ல நெறையவே இருக்கு. சிவனொளிபாத மலைக் காடு 1940லயே சரணாலயம் ஆச்சு. ஹோட்டன் சமவெளி 1988ல தேசிய பூங்கா. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட காடு. இந்த மூணையும் சேர்த்து ஐம்பத்தாறாயிரம் ஹெக்டேயருக்கு மேல வர்ற எடத்த 2010ல யுனெஸ்கோ உலக மரபுரிமைன்னு அறிவிச்சுது. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி வெள்ளக்காரன் காலத்துல கோப்பிக்காக மலை மலையா மொட்டையடிச்சு முடிச்சப்புறம், லண்டன்ல கியூ தோட்டத்துக்கு தலைவரா இருந்த ஹூக்கர்ங்கறவரு 1873ல எழுதினதுக்கப்புறம்தான் அஞ்சாயிரம் அடிக்கு மேல காடு வெட்டக்கூடாதுன்னு தடை வந்துச்சு. எங்க தோட்டத்துல தேயிலை ஏறி ஏறிப்போய் ஒரு எடத்துல கத்தியால வெட்டின மாதிரி நின்னு அதுக்கு மேல ஒரே கருப்புக் காடா இருக்கும், அது ஏன் அந்த எடத்துல நிக்குதுன்னு சின்ன வயசுல யாரும் சொல்லித்தரல, தோட்டத்து தொர அதுக்கு மேல நட வேணாம்னு சொல்லியிருப்பாருன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தோம்.

ஆக மேல இருக்கற பெரிய காட்டுக்கு சட்டம் இருக்கு, திணைக்களம் இருக்கு, போர்ட் இருக்கு. நான் பேச வந்தது அதப்பத்தி இல்ல. அந்தக் கருப்புக் காட்டுக்கும் எங்க லயத்துக்கும் நடுவுல, தேயிலை மலைகளுக்கு இடையில, ஓடைக் கரையிலயும் பள்ளத்துலயும் துண்டு துண்டா கெடக்குதே சின்னக் காடு, ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர், சிலது நாலு பேர்ச்சுன்னு கூட சொல்லலாம், அதப்பத்தி. அதுக்கு கெசட்டும் (அரசாங்க வர்த்தமானி அறிவிப்பு) கெடையாது, பேரும் கெடையாது. தோட்டத்து கணக்குல அது உபயோகம் இல்லாத நெலம். 1992ல தோட்டங்கள கம்பனிகளுக்கு குடுத்தப்ப அதுவும் தோட்டத்தோட சேர்ந்து போயிடுச்சு, குத்தகை 2045 வரைக்கும் இருக்கு.

எங்க டிவிசன்லயும் (தோட்டத்துல ஒரு பிரிவு) அப்படி ஒரு துண்டு இருந்துச்சு. நாங்க முனியாண்டி காடுன்னு சொல்லுவோம். உள்ள ஒரு பெரிய பாறை, அதுக்கு கீழ சூலம், வருஷத்துக்கு ஒரு தடவ சேவல் அறுத்து பூசை. மத்த நாள்ல யாரும் உள்ள போய் ஒரு கெளைய ஒடிக்க மாட்டாங்க, முனி அடிச்சுடும்னு பயம். எங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தான். பாறைக்கு அடியில ஒரு ஊத்து, அதுல இருந்து மூங்கில் வச்சு தண்ணி விழற பீலி, பின்னாடி மூங்கில் போய் பைப் வந்துச்சு, ஆனா பீலிங்கற பேரு மாறல. ரெண்டு லயத்துக்கு, கிட்டத்தட்ட நாப்பது குடும்பத்துக்கு, குடிக்க, குளிக்க, துணி தொவைக்க எல்லாம் அதுதான். மாசி பங்குனி வறட்சியில டேமே எறங்கிப் போய் தண்ணிக்குள்ள முழுகின பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியும், பஸ்ஸ நிப்பாட்டி சனம் எல்லாம் எறங்கி படம் எடுக்கும், அந்த நேரத்துலயும் எங்க பீலியில பென்சில் மொத்தத்துக்காவது தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தைப்பொங்கலுக்குப் போனப்ப பஸ்ல இருந்து எறங்கி நிமிந்து பாக்கறேன், முனியாண்டி காடு இருந்த எடம் வெறும் வானமா இருக்கு. மரம் எல்லாம் வயசாயிடுச்சு, லயத்து மேல விழுந்தா ஆபத்துன்னு காரணம் சொன்னாங்களாம், ஒரு கொந்தராத்துக்காரன் வந்து பதினஞ்சு நாள்ல முடிச்சுட்டானாம். லயத்துக்கும் அந்தக் காட்டுக்கும் நடுவுல ஒரு தேயிலை மலையே இருக்கு, அவ்வளவு தூரம் வந்து விழற மரம் எந்த மரம்னு நான் கேட்டேன், சித்தப்பா என்னைய பேசாம இருக்கச் சொன்னாரு. சூலத்த மட்டும் மரியாதையா புடுங்கி ரோட்டோரமா நட்டு வச்சிருந்தாங்க. வெட்டின எடத்துல யூக்கலிப்டஸ் கன்னு வச்சாங்க. மறு வருஷம் பங்குனியில பீலி வத்திப்போச்சு. எங்க அம்மா எழுபது வயசுல மொத தடவையா பீலி வத்தினத பாத்தாங்க, ஃபோன்ல சொல்லும்போது தண்ணி இல்லன்னு சொல்லல, ‘முனி போயிருச்சுப்பா’ன்னுதான் சொன்னாங்க.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல, நான் பிறகு படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான். மழை பேஞ்சா பழைய காட்டு மண்ணு, செத்தை, வேரு எல்லாம் பஞ்சு மாதிரி தண்ணிய புடிச்சு வச்சு மெதுவா விடும். அதோட எங்க பக்கம் மாதிரி உசரத்துல மேகம் காட்டுக்குள்ளயே வந்து நிக்கும்ல, அந்த மூட்டத்த இலையும் மரத்துல தொங்கற பாசியும் வழிச்செடுத்து சொட்டுச் சொட்டா கீழ விடும், மழையே இல்லாத நாள்லயும் மரத்துக்கு கீழ நின்னா தலை நனையும். கொழுந்தெடுக்கப் போறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, காட்டோர மலையில காலையில இடுப்புல கட்டற படங்கு எப்படி நனைஞ்சு போகும்னு. மரம் போனா மூட்டம் சும்மா கடந்து போயிடும். யூக்கலிப்டஸ் வேற தன் பங்குக்கு நல்லா உறிஞ்சிக் குடிக்கிற மரம், அதக் கொண்டுவந்து ஊத்துக்கண் மேலயே நட்டா வேற என்ன நடக்கும்.

அப்புறம் என்னாச்சுன்னா, பீலி வத்தினதும் லயத்து ஆம்பளைங்க காசு சேர்த்து கருப்பு ஓஸ் வாங்கி, மேல பெரிய காட்டுக்குள்ள ஓடையில தொட்டி கட்டி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு இழுத்தாங்க. அது சரணாலய எல்லைக்கு உள்ள. ஒரு நாள் அதிகாரி ஒருத்தர் வந்து இது சட்டவிரோதம், கழட்டுங்கன்னுட்டாரு. சித்தப்பா சிங்களத்துல, ‘மாத்தியா, தண்ணிக்கு நாங்க எங்க போறது’ன்னு கேட்டிருக்காரு. அவரு பாவம் நல்ல மனுஷன்தான் போல, நான் கழட்ட மாட்டேன், ஆனா வேற ஆள் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இப்ப வரைக்கும் அந்த ஓஸ்லதான் தண்ணி. யாரு எப்ப வந்து வெட்டிவிடுவாங்களோன்னு பயத்தோடதான் குடிக்கிறாங்க. முனியாண்டி காட்ட வெட்டினதுக்கு ஒருத்தர்கிட்டயும் கேள்வி கேக்கல, ஏன்னா அது காடுன்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல. ஓஸ் போட்டதுக்கு கேள்வி வருது, ஏன்னா அது காடுன்னு பேப்பர்ல இருக்கு. கொழும்பு வாசகர் கேட்ட வேலி எங்க வந்து நிக்கும்னு இதுல இருந்தே பாத்துக்கலாம்.

விறகு விஷயத்துக்கும் வர்றேன். ஆமா, எங்க ஆளுங்க விறகு எடுக்கறாங்க. 2022ல கேஸ் இல்லாம நாடே வரிசையில நின்னப்ப கொழும்புல பிளட்ல கூட விறகு எரிச்சாங்க, அப்ப தோட்டத்துல என்ன நெலமை இருந்திருக்கும். ஆனா தலையில சுமந்துட்டு வர்ற கட்டு பெரும்பாலும் காஞ்ச கெளை, கவாத்து வெட்டின தேயிலை மாறு, பழைய தேயிலை வேரு. பச்ச மரத்த சாச்சு அறுத்து ஏத்த மெசினும் லொறியும் வேணும், அது எங்க லயத்துல யாருகிட்டயும் இல்ல.

இதச் சொல்லிட்டு எங்க ஆளுங்க தப்ப மறைக்கக்கூடாது. தடம் வைக்கிற பழக்கம் இருக்கு. மரக்கறித் தோட்டத்துக்கு காட்டுப்பன்னி வருதுன்னு சைக்கிள் கம்பியில சுருக்கு போடறது, பன்னி மாட்டினா எறச்சியும் ஆச்சு. ஆனா கம்பிக்கு பன்னி எது புலி எதுன்னு தெரியாது. (எங்க பக்கம் சிறுத்தைய புலின்னுதான் சொல்லுவோம்.) 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு அப்படித்தான் மாட்டுச்சு, உடவளவைக்கு கொண்டு போய் மருந்து பண்ணியும் சில நாள்ல செத்துப்போச்சு. அந்த வீடியோவ நாடே பாத்துச்சு, எங்களுக்கும் வெக்கமாதான் இருந்துச்சு. அது மாட்டினதும் பூங்காவுக்குள்ள இல்ல, தோட்டத்துக்குள்ள. புலி பகல்ல படுக்கறது, குட்டி போடறது எல்லாம் நான் சொல்ற இந்த துண்டுக் காட்டுலதான், ராத்திரி தேயிலைக்குள்ள நடந்து ஒரு துண்டுல இருந்து இன்னொரு துண்டுக்குப் போகும். அந்தத் துண்டையும் வெட்டிட்டா லயத்து நாய்க்கு வராம எங்க போகும். எங்க அப்பா பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற எடம்) விடியக்காலையில போனப்ப ரெண்டு தடவ நேருக்கு நேர் பாத்திருக்காரு, ரெண்டு தடவையும் அதுதான் மொதல்ல ஓடிச்சாம். ரெண்டாவது தடவ அப்பாவும் ஓடியிருப்பாருன்னு அம்மா சொல்லுவாங்க.

உண்மையில எங்க ஆளுங்க அன்னாடம் பயப்படறது புலிக்கு இல்ல, குளவிக்கு. அது வேற கதை, தனியா ஒரு கடிதமே எழுதலாம்.

இன்னொரு விஷயம். ஃபோன்ல மேப்ப திறந்து பாத்தா மலைநாடு முழுக்க பச்சையா தெரியும், காடு நல்லாதானே இருக்குன்னு நெனைக்கத் தோணும். தேயிலையும் பச்சைதான், பைனஸும் பச்சைதான், யூக்கலிப்டஸும் பச்சைதான். பைனஸ் காட்டுக்குள்ள போய்ப் பாருங்க, கீழ ஊசி இலை மெத்தை மாதிரி கெடக்கும், ஒரு செடி மொளச்சிருக்காது, ஒரு குருவி சத்தம் கேக்காது. நக்கிள்ஸ்ல கூட முன்ன ஏலக்காய்க்காக உள்ள இருந்த கீழ்ச்செடி எல்லாத்தையும் வெட்டிட்டு பெரிய மரத்த மட்டும் விட்டு வச்சிருந்தாங்க, மேல இருந்து பாத்தா காடு, உள்ள போனா ஏலத்தோட்டம், பெரிய மரம் செத்தா அதோட எடத்துக்கு வர்றதுக்கு கன்னு கெடையாது. அதனால கணக்கெடுக்கறவங்க மேல இருந்து படம் பாத்து எடுக்காம நடந்து வந்து எடுக்கணும்.

மண்சரிவ பத்தி எழுதாம விட முடியல. 2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தையில லயமே மண்ணுக்குள்ள போச்சு, ஆபத்தான எடம்னு முன்னாடியே எச்சரிக்கை குடுத்திருந்த எடம் அது. போன 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மலைநாடு பூரா எத்தன எடத்துல மலை எறங்குச்சுன்னு உங்க பேப்பர்லயே பக்கம் பக்கமா வந்துச்சு. எல்லாத்துக்கும் மரம் வெட்டினதுதான் காரணம்னு சொல்ற அளவுக்கு நான் படிச்சவன் இல்ல, அவ்வளவு மழைக்கு நல்ல காடே சரிஞ்ச எடமும் இருக்கு. ஆனா அந்த ராத்திரி எங்க அம்மா போன் எடுத்து மொதல்ல கேட்டது, ‘முனியாண்டி காடு இருந்த பக்கம் ஓடை சத்தம் ஒரு மாதிரி கேக்குது, நாங்க ஸ்கூலுக்குப் போயிடவா’ன்னு. போங்கன்னேன். விடியறவரைக்கும் நானும் தூங்கல.

அரசாங்கத்த குறை சொல்லணும்னா ஒண்ணு சொல்லுவேன். கெசட்டுல வராத மிச்சக் காட்டுக்கு முன்ன ஓரளவு பாதுகாப்பு குடுத்த 5/2001ன்னு ஒரு சுற்றறிக்கை இருந்துச்சு, அத 2020ல ரத்து பண்ணி அந்த நெலத்த எல்லாம் பிரதேச செயலகங்களுக்கு மாத்தறதா முடிவெடுத்தாங்க. பேரே பாருங்க, ‘ஏனைய காடுகள்’. ஏனையன்னு பேரு வச்சா யாரு பாதுகாப்பா. தோட்டத்துக்குள்ள இருக்கற துண்டு அதுலயும் வராது, ஏனையவுக்கும் ஏனைய அது.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தோட்டத்துலயும் இருக்கற இந்தத் துண்டுக் காட்டையும் ஊத்துக்கண்ணையும் குறிச்சு எடுக்கணும், குறிக்கும்போது லயத்துல இருக்கற கெழவன் கெழவிகளையும் கூட்டிக்கிட்டுப் போகணும், ஏன்னா எந்த ஊத்து எந்த மாசம் வத்தும்னு அவங்களுக்குத்தான் தெரியும், சர்வேயருக்கு தெரியாது. குறிச்சத கம்பனி குத்தகையில இருந்து எடுக்க முடியலன்னா பரவால்ல, வெட்டறதுக்கு முன்னாடி கேக்கணும்னு ஒரு சட்டமாவது வரட்டும். குடிதண்ணிக்கு ஓஸ் போட்ட சனத்துக்கு கேஸ் போடறத விட்டுட்டு ஒழுங்கா ஒரு தொட்டியும் அனுமதியும் குடுத்தா, அந்த ஓடைய அவங்களே காவல் காப்பாங்க, தன் வீட்டு தண்ணில எவனாவது கைய வைக்க விடுவானா.

காவல்னதும் ஞாபகம் வருது. எங்க டிவிசன்ல ஏஎல் முடிச்சுட்டு கொழும்புக்கு கடை வேலைக்கு வந்த பொடியன்க என்னோட சேர்த்து பன்னெண்டு பேர். காட்டுக்குள்ள கண்ண கட்டி விட்டாலும் வெளிய வந்துடற பசங்க. மேல காட்டுக்கு காவலுக்கு வர்றவங்க ரொம்ப தூரத்துல இருந்து வர்றாங்க, தமிழ் தெரியாது, எங்க சனத்துக்கு சிங்களம் அரைகுறை, அதுலயே பாதி சண்டை வருது. தமிழும் அரச கரும மொழின்னு 1987லயே அரசியலமைப்புல போட்டாச்சு, ஆனா எங்க தோட்டத்துக்கு மேல எல்லையில இருக்கற போர்ட்ல தமிழ் இல்ல. உள்ள போகாதன்னு எழுதியிருக்கறது யாருக்காகன்னு பாத்தா, அத வாசிக்க முடியாதவங்களுக்குத்தான். சீசன் நேரத்துல சிவனொளிபாத மலைக்கு யாத்திரை வர்ற சனம் போட்டுட்டுப் போற பொலித்தீன் பையும் போத்தலும் எங்க ஓடையில மெதந்து வருது, அவங்களுக்கு மட்டும் மூணு மொழியில போர்ட் இருக்கு, இருந்தும் போடறாங்க.

அந்த வாசகர்கிட்ட எனக்கு பகை ஒண்ணும் இல்ல. காடு வேணும்னு நெனைக்கிற மனுஷன், அதுவே பெரிய விஷயம். தைப்பொங்கலுக்கு ஊருக்கு போறேன், விருப்பம்னா அவரும் வரட்டும், புறக்கோட்டையில இருந்து ராத்திரி பஸ் ஏறினா விடிய ஹட்டன், அங்க இருந்து மஸ்கெலியா பஸ். அம்மா ரொட்டியும் சம்பலும் குடுப்பாங்க. முனியாண்டி காடு இருந்த எடத்தையும், அதுக்குப் பக்கத்து டிவிசன்ல இன்னும் வெட்டாம இருக்கற ஒரு துண்டையும் காட்டறேன். அந்தத் துண்டுல மரத்துக்கு செவப்பு பெயின்ட்ல நம்பர் போட ஆரம்பிச்சிருக்காங்கன்னு போன கிழமை சித்தப்பா சொன்னாரு, அதனால கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லது.

ஆசிரியர் ஐயா, கடிதம் நீளமாப் போச்சு. எடம் இல்லன்னு குறைக்கிறதா இருந்தா ஹூக்கர் கதையையும் டேம் கதையையும் வெட்டுங்க, பீலி கதைய மட்டும் வெட்டாதீங்க, அம்மா பேப்பர் வாங்கி பக்கத்து வீட்டு பிள்ளைய வாசிக்கச் சொல்லி கேப்பாங்க. பேர் போட வேணாம், தோட்டத்து பேரும் வேணாம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவில் பிறந்து வத்தளையில் இருக்கும் வாசகர்